காபிக்கு ஒரு கொல்லைப்புற வழி

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. பாத்ரூம் தரையில் பாயை விரித்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்கு மேலே ஆணியில் ஒரு கேன், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். கேனுக்குள்ளே... காபி!

முகம் சுளிக்காதீர்கள். காபி எனிமா என்று இதற்குப் பெயர். வாயால் குடிக்க வேண்டியதை ஆசனவாய் வழியாக ஏற்றினால் உடம்பிலிருக்கும் நச்செல்லாம் ஓடிவிடுமாம்.

சொன்னது சரளா. அவனியாபுரத்தில் இருந்துகொண்டு இந்த மாதிரி வெல்னெஸ் சாமான்கள் விற்கிறவள். ஒரு தடவை அவளிடம் சத்துமாவு வாங்கினேன், அவ்வளவுதான். தினமும் போன் — "சாப்பிட்டீகளாக்கா? தூங்குனீகளா? வயிறு எப்படி இருக்கு?"

என் வயிற்றைப் பற்றி ஒருவர் விசாரித்து எத்தனை காலமாகிறது தெரியுமா? அவர் போய் நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. வியாபாரத்துக்காகத்தான் கேட்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் காலையில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஒரு வாட்டி செஞ்சு பாருங்கக்கா, உடம்பு பஞ்சு மாதிரி ஆயிரும்" என்றாள். மாட்டேன் என்றால் போன் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. கேனும் குழாயுமாக அவள் விற்கிற கிட்டை வாங்கிவிட்டேன்.

காபித்தூளுக்கு சிம்மக்கல் போனேன். எப்போதும் நூறு கிராம் வாங்குகிறவள் அரைக் கிலோ கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். "வீட்ல விசேஷமாக்கா? சிக்கரி எம்புட்டுப் போடட்டும்?"

"வழக்கம் போலத்தாண்ணே" என்றது என் வாய்.

சிக்கரி கலக்கவே கூடாதென்று சரளா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதோடு விட்டேனா? நீர்க்க இருக்க வேண்டியதை, ஃபில்டரில் கெட்டியாக இறக்கி, முதல் டிகாஷனையே தாராளமாக ஊற்றிவிட்டேன். தண்ணிக் காபி போட எனக்குக் கை வருமா என்ன?

பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. எழப் பார்த்தேன், முடியவில்லை. போன் சமையலறையில். கதவோ உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது — வேறு ஆளே இல்லாத வீட்டில் எதற்குத் தாழ்ப்பாள், சொல்லுங்கள்?

இப்படியே கிடந்தால் யாருக்கு முதலில் தெரியும் என்று யோசித்தேன். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தி வந்து சேரவில்லையே என்று பத்திரிகையிலிருந்து வியாழக்கிழமை கூப்பிடுவார்கள். அன்றைக்குச் செவ்வாய்தான். அழுதுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் எப்படியோ தெளிந்தது. ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனேன்.

"குடல் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்மா" என்றார் டாக்டர். "இதுல உப்புச்சத்து கொறைஞ்சா இதயமே தடுமாறிப் போயிரும். இந்த வெளையாட்டு இனிமே வேணாம். ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு நாளைக்கு வந்து காட்டுங்க."

சரளாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, நம்பரை பிளாக் செய்துவிட வேண்டும் என்று பொருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்மா? ஒரு நம்பர் எழுதுங்க."

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார்.

சரளாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.