வளர்மதி போனை வைத்த ஞாயிறு

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைக்கு வாய் தைக்கிற வளர்மதியிடம் யாரும் வீணாக வாய் கொடுக்க மாட்டார்கள். கையிலிருக்கும் கோணி ஊசியைவிட அவள் நாக்கு கூர்மை என்பது வியாபாரிகள் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபது வருஷமாக அந்தக் களத்தில் குனிந்து தைத்தவள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் எவன் வந்து நின்றாலும், அவன் யோக்கியதை என்ன என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை மனசில் வைத்துக்கொள்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவளைப் போன வருஷம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இழுத்துப் போட்டார்கள். அவளுடைய ஒரே பிள்ளை எழிலன் கடற்படைக்குத் தேர்வாகி, ஒரிசாப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தான். செஞ்சிக்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் போய் பஸ் மாறி மரக்காணம் போக வேண்டும். ராஜகிரிக் கோட்டைப் படியில் விடியற்காலையில் ஏறி இறங்கி ஓடிப் பழகிய பிள்ளை, அலையில் கால் நனைத்தது மொத்தமே இரண்டு தடவைதான். எப்படியோ தேறிவிட்டான். வளர்மதிக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

குழுவுக்குப் பெயர் 'கடல் சிங்கங்களின் பெற்றோர்'. ஆரம்பித்தவன் ஆனந்தராஜ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருப்பவன். அவன் பிள்ளையும் அதே பேட்ச். பிள்ளை கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே அப்பன் தன் பைக்கில் நங்கூரம் ஒட்டிக்கொண்டு, பார்க்கிறவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்க ஆரம்பித்துவிட்டான். "கமாண்டர் சாரே நம்ம லைன்ல இருக்காரு" என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வான்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் அறுபது பெற்றோர் அதில் இருந்தார்கள். விடிந்தால் போதும், தாமரைப்பூ மேல் தேசியக் கொடி, கொடி மேல் காலை வணக்கம். மத்தியானம் யாராவது ஒரு கப்பல் படத்தைப் போட்டு 'நம் பிள்ளைகளின் கப்பல்' என்பார்கள். அது எந்த நாட்டுக் கப்பலோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். மெஸ்ஸில் முட்டை ஒன்றா இரண்டா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. இரண்டு என்று கட்சி கட்டியவர் எவரும் அந்த மெஸ் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா ஜென்மங்களோ! பெத்த புள்ளைய அனுப்பிச்சாங்களா, தேர்தல்ல நின்னு ஜெயிச்சாங்களா?" என்று புருஷன் அன்புமணியிடம் தலையில் அடித்துக்கொள்வாள் வளர்மதி. அவன் மினி லாரி ஓட்டுகிறவன், பேச்சு குறைவு. "அப்ப வெளிய வந்துடேன்" என்பான். அவள் வெளியே வரவில்லை. பிள்ளை இருக்கும் இடத்தைப் பற்றி வேறு யார் பேசுகிறார்கள்?

பயிற்சியில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் வீட்டோடு பேசலாம். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் ஆனந்தராஜ் சட்டம் போட்டிருந்தான். அழக்கூடாது. வீட்டுக் கஷ்டம் சொல்லக்கூடாது. எப்போது வருவாய் என்று கேட்கக்கூடாது. பையன் 'முடியல' என்று ஆரம்பித்தால் அந்த நொடியே போனை வைத்துவிட வேண்டும், அப்போதுதான் அவன் வீரன் ஆவான். தன் கடைக் கதவைக்கூடப் பொண்டாட்டியைக் கேட்டுத் திறக்கிறவன் வீரத்துக்கு வழி சொல்கிறான், அறுபது பேரும் கைகூப்பு போடுகிறார்கள்!

இது போதாதென்று ஞாயிறு சாயங்காலம் ஒரு வருகைப் பதிவு வேறு. ஆனந்தராஜ் 'ஒன்று: ஆனந்தராஜ், செஞ்சி. என் சிங்கம் நலம். ஜெய்ஹிந்த்' என்று தொடங்குவான். அடுத்தவர் அதை அப்படியே நகல் எடுத்து, கீழே தன் பெயரை இரண்டு என்று சேர்க்க வேண்டும். இப்படியே அறுபது வரைக்கும் வால் நீளும். பெயர் விட்டுப்போனால் ராத்திரிக்குள் நாலு பேர் 'ஏன், பையன் ஓடி வந்துட்டானா?' என்று விசாரிப்பார்கள்.

வளர்மதி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாரம் தவறாமல் தன் பெயரையும் சேர்த்தாள். அதை மட்டும் அன்புமணியிடம் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் வல்லத்து அமலா என்கிறவள், தன் பிள்ளை போனில் அழுததாகக் குழுவில் குரல் பதிவு போட்டாள். மூன்று நிமிஷம் அவளும் அழுதாள். வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை குழுவில் வருகைப் பதிவைத் தவிர ஒரு வரிகூட எழுதாதவள், 'பால்புட்டி வாங்கி பார்சல் அனுப்பலாமா?' என்று எழுதிவிட்டாள். நாற்பத்து மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஆனந்தராஜ் 'செம அக்கா' என்றான். அந்தக் கூட்டத்தை மந்தை மந்தை என்று திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, மந்தை சிரித்ததும் உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று படுக்கப் போகிற வரைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். அமலா அதற்குப் பிறகு குழுவில் வாயே திறக்கவில்லை.

பதினோராவது ஞாயிறு எழிலன் போன் செய்தான். சாப்டியா, சாப்ட்டேன் எல்லாம் முடிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, முட்டிக்குக் கீழ எலும்பு குத்துதும்மா. பத்து நாளா இருக்குது. கால ஊன முடியல."

"ஓடற புள்ளைக்குக் கால் வலிக்காம காதா வலிக்கும்?"

"அப்டி இல்லம்மா. வர்ற சனிக்கிழம பெரிய ஓட்டம் வெச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட போனா இந்த பேட்ச்ல இருந்து எறக்கிடுவாங்கன்னு பசங்க சொல்றாங்க. இன்னாம்மா பண்றது? நீ சொல்லும்மா. என்னால முடியல..."

அவன் குரல் உடைந்தது. பத்தொன்பது வயசுப் பிள்ளை விசும்புகிறது அவள் காதில் விழுந்தது. அந்த நொடி வளர்மதியின் கண்முன்னே வந்து நின்றது பிள்ளையின் கால் இல்லை. நாற்பத்து மூன்று சிரிப்புப் பொம்மைகள். பேட்சிலிருந்து இறக்கப்பட்டவன் அம்மா என்று ஆனந்தராஜ் தன்னைப் பார்க்கப்போகிற பார்வை. கமிட்டியில் இத்தனை நாளும் தன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேரும் திருப்பிக் கொடுக்கப்போகிற பேச்சு.

"பொட்டப்புள்ள மாதிரி அழுவாத. எல்லாம் முடியும், போ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் இன்னும் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. சாயங்காலம் குழுவில் முப்பத்தொன்று என்று எண் போட்டு எழுதினாள்: 'வளர்மதி, செஞ்சி. என் சிங்கம் நலம். ஜெய்ஹிந்த்.'

செவ்வாய்க்கிழமை சீயமங்கலத்துக் கன்னியப்பன் நெல் கொண்டுவந்தார். அவர் பிள்ளையும் கடற்படைதான், சேர்ந்தது இவனுக்கு இரண்டு பேட்ச் முந்தி. ஆரம்பத்தில் அவரும் குழுவில் இருந்தார். மூட்டையை அவள் தைக்க, அவர் பக்கத்தில் நின்று, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நல்லா இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"கால் எலும்பு குத்துதுன்றான்."

கன்னியப்பன் முகம் மாறியது. "முட்டிக்குக் கீழயா? எங்க பையனுக்கும் அதேதாம்மா. டாக்டர்கிட்ட போனான், படம் எடுத்துப் பாத்தா எலும்புல வெடிப்பு. ஆறு வாரம் ரெஸ்ட் குடுத்து அடுத்த பேட்ச்ல சேத்துட்டாங்க. இப்ப விசாகப்பட்டினத்துல கப்பல்ல இருக்கான். இன்னா கொறஞ்சி போச்சு?"

"குழுவுல நீங்க சொல்லவே இல்லியே?"

"சொன்னேனே! சொன்ன அன்னிக்கே ஆனந்தராஜ் அத அழிச்சிட்டு என்னைத் தூக்கிட்டாரு. தைரியத்தக் கெடுக்கறேனாம்." அவர் குரலைத் தணித்தார். "வெடிப்போட ஓட மட்டும் விட்றாதம்மா. ஒடஞ்சிதுன்னா அப்பறம் கப்பலாவது ஒண்ணாவது. காலே பழையபடி வருமோ வராதோன்னாரு டாக்டர்."

வளர்மதி விரல் விட்டு நாள் எண்ணினாள். சனிக்கிழமை ஓட்டம். அடுத்த போன் ஞாயிற்றுக்கிழமை. பாதி தைத்த மூட்டையைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"அந்த கமாண்டர் நம்பரக் குடு."

ஆனந்தராஜ் கம்ப்யூட்டரைப் பார்த்தான், காற்றாடியைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. "அவருக்கெல்லாம் நாம அடிக்கக் கூடாதுக்கா. பையன் பேரு கெட்டுடும்."

"நம்பர் இருக்குதா இல்லியா?"

இருந்தால்தானே கொடுப்பான்! பதினோரு வாரமாக அறுபது பேர் காதில் சுற்றிய பூ அது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்து, நடுரோட்டில் நின்றபடியே குழுவில் எழுதினாள்: 'என் பையனுக்குக் கால் எலும்பு வலி. சனிக்கிழமை ஓடக்கூடாது. அவனுக்குச் சொல்ல யாருக்காவது வழி தெரியுமா?' இரண்டு பேர் கைகூப்பு போட்டார்கள். ஒருவர் 'பாசிட்டிவாக நினையுங்கள்' என்றார். பத்து நிமிஷத்தில் ஆனந்தராஜ் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

வீட்டில் பெட்டியைக் குடைந்து, பிள்ளைக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தில் ஒரு நம்பரைக் கண்டுபிடித்தாள். அடித்தால் எடுக்கத்தான் எடுத்தார்கள். அவர்கள் பேசிய இந்தி இவளுக்குப் புரியவில்லை, இவள் கத்திய தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவரப் போன அன்புமணி இன்னும் திரும்பவில்லை. அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் அமலா பேசறேன், வல்லம். அந்த பால்புட்டி வாங்கவேண்டியவ."

வளர்மதிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"குழுவுல நீங்க போட்டதப் பாத்தேன். நாங்க பன்னண்டு வருஷம் பூனாவுல இருந்தவங்க, எனக்கு இந்தி நல்லா வரும். லெட்டர்ல நம்பர் இருக்குமே, அதக் குடுங்க. பையன் பேரு, ட்ரெயினிங் நம்பர் எல்லாம் சொல்லுங்க."

கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எத்தனையோ பேரை எத்தனையோ விதமாகத் திட்டத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அரை மணியில் அமலா திரும்பக் கூப்பிட்டாள். பேசியவர் ரொம்பத் தன்மையாகக் கேட்டுக்கொண்டாராம். ஒரு தமிழ் ஆளை விட்டுப் பையனிடம் சொல்லச் சொல்கிறேன், டாக்டரைப் பார்ப்பது ஒன்றும் குற்றமில்லை என்றாராம். "அம்மா போகச் சொன்னாங்கன்னு சொல்லுங்கன்னேன். சரின்னுட்டாரு. தைரியமா இருங்கக்கா."

அதற்கப்புறம்தான் வளர்மதிக்கு மூச்சு வந்தது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒழுங்காகச் சோறு இறங்கியது. பேட்ச் போனால் போகட்டும், எவன் வேண்டுமானாலும் சிரிக்கட்டும் என்று அன்புமணியிடம் சொன்னாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு முன்னாடியே, காலை ஒன்பதுக்கே போன் வந்தது. வேறு ஏதோ நம்பர்.

"அம்மா, ஆஸ்பத்திரில இருக்கேன்மா."

"டாக்டரப் பாத்துட்டியாடா? நல்லதாப் போச்சு. அடுத்த பேட்ச்னா அடுத்த பேட்ச்..."

"நேத்து ஓட்டத்துல விழுந்துட்டேன்மா. எலும்பு ஒடஞ்சிடுச்சி. நேத்தே ஆபரேஷன் பண்ணி தகடு வெச்சிருக்காங்க. மறுபடி ட்ரெயினிங்ல சேத்துக்குவாங்களான்னு இப்ப சொல்ல முடியாதாம்."

வளர்மதிக்கு அழுகையோடு கோபமும் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன்டா ஓடுன? செவ்வாக்கெழமையே சொல்லி அனுப்பிச்சேனே! யாரும் வந்து சொல்லலியா?"

"வந்தாரும்மா. தமிழ் சார் ஒருத்தர் வந்து, ஒங்கம்மா ஓட வேணாம்னாங்க, டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்கன்னாரு. எங்கம்மா அப்டி சொல்றவங்க இல்ல சார், வேற யாரோ பேசியிருப்பாங்கன்னு சொல்லிட்டேன்மா."