சுருள்படியில் ஏறிய பியானோ

தெருவில் அவளுக்குப் பியானோக்கா என்று பெயர். ஆனால் அந்த மின்பியானோவைச் சரியாகப் பார்த்தவர்கள் குறைவு. மூன்றாவது மாடியிலிருக்கும் அவள் வீட்டிலிருந்து அது இறங்கிவரும்போது முதலில் தெரிவது அவளுடைய அண்ணனின் முதுகு. பிறகு அவருடைய மூச்சு கேட்கும். கடைசியில் கறுப்பு உறை போட்ட ஒரு நீளமான பெட்டி. அதன் வடிவம் எதை நினைவூட்டியது என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாம் தூக்கிப் பழகிய உடம்பு. பியானோவைத் தூக்கும்போது மட்டும் கைக்குழந்தையைக் கொண்டுபோகிறவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். கல்யாண மண்டபமோ, ஹோட்டல் வரவேற்பறையோ, எங்கே நிகழ்ச்சி என்றாலும் அவர்தான் கொண்டுபோய் வைப்பார். வயர்களைச் செருகி, ஸ்விட்சையும் போட்ட பிறகு, "வா பாப்பா, உக்காரு" என்பார். நாற்பதைத் தாண்டிய பாப்பா வந்து உட்கார்ந்து வாசிப்பாள்.

பகலில் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதிதாகக் கண்ணாடி வாங்கியவர்களின் காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்து, கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் அங்கே அவளோடு நிகழ்ச்சிகளில் பாடும் பெண் கோணலான கண்ணாடியோடு வந்தாள்.

"இதுமேல உக்காந்துட்டேன்க்கா. ஏதாவது பண்ணுங்க."

"உக்கார வேற எடமே கிடைக்கலியா?"

"அத விடுங்க. அந்த மொட்டமாடி ஹோட்டல்ல வாராவாரம் ஞாயித்துக்கிழம மதியம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்களே, ஏன்க்கா வேணாம்னுட்டீங்க? நானும் சேந்து பாடியிருப்பேன்ல?"

"எந்த மொட்டமாடி?"

"உங்க அண்ணன்கிட்ட பேசுனாங்களாமே. அங்கெல்லாம் பியானோ வராதுன்னு சொல்லிட்டாராம்."

பியானோக்கா கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தாள். வளைக்க வேண்டிய அளவைத் தாண்டியும் வளைத்தாள். பிறகு நிமிர்த்தினாள்.

மாலையில் அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் அவர் குழாயை மூடவில்லை, விஷயத்தை மறைக்கவும் இல்லை.

"ஆமா. போய்ப் பாத்துட்டுதான் சொன்னேன். மாடிக்குப் போறது சுருள்படி பாப்பா. இரும்புப்படி. கொசுவத்திச் சுருள மேல இழுத்து நிமுத்தி வச்ச மாதிரி இருக்கு. அதுல நம்ம பியானோ திரும்பவே திரும்பாது."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"தூக்கறவன் நான்தானே?"

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். கோபப்படக்கூட அதில் பிடி கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாய் இருக்கிறது என்று விட்ட பங்களா. வண்டி நிறுத்த இடமில்லை என்று விட்ட அரங்கம். லிப்ட் பழுது என்று பாதியில் திரும்பிய பிறந்தநாள் விழா. அவள் எங்கே வாசிக்கலாம், எங்கே வாசிக்கக்கூடாது என்பதை இத்தனை காலமும் ஒரு முதுகு தீர்மானித்திருக்கிறது. அது அவள் முதுகு இல்லை.

மறுநாள் வேலை முடிந்து நேராக மொட்டைமாடி ஹோட்டலுக்குப் போனாள். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. சுவரை ஒட்டி, ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு படி ஏறியது. மேலே துணிப்பந்தலின்கீழ் மேசைகள். முதலாளியம்மா பூந்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நீங்க வர மாட்டீங்கன்னு சொன்னாங்களே. பென் டிரைவ்ல பாட்டப் போட்டுக் கூடவே பாடுறவர் ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு. அவருக்கு ஒரு பை போதும்."

"ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறேங்க."

"அடுத்த ஞாயிறு வாங்க. சாப்பிட வந்தவங்க எந்திரிச்சுப் போகாம இருந்தா வாராவாரம் உங்களுக்கு. இல்லேன்னா பென் டிரைவ்தான். ஆமா, பியானோ எப்படிம்மா மேல வரும்?"

"அது என் பாடுங்க."

அவளுடைய கணவர் தையல்காரர். பை, உறை, சோபாத் துணி எல்லாம் தைப்பவர். முதுகு வலிக்காரர். துணிக்கட்டைக்கூட உருட்டித்தான் நகர்த்துவார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"சின்னதா ஒண்ணு வாங்கணும். அவ்வளவுதானே?"

"எவ்வளவு சின்னது? அதுதான் தெரியல."

"அளவு எடுக்காம யாராவது வெட்டுவாங்களா?"

கடை மூலையில் துணி சுற்றி வரும் அட்டைக்குழாய்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அதில் பழைய பியானோவின் நீளத்துக்கு ஒன்றை எடுத்தார். அதை முதுகில் கட்டிக்கொண்டு அவள் ஹோட்டல் சுருள்படியில் ஏறினாள். பாதிச் சுற்றில் குழாயின் மேல்முனை தலைக்கு மேலிருந்த படியில் இடித்தது. கீழே இறக்கிக் கட்டினால் அடிமுனை பின்படியில் இடித்தது. கீழே நின்ற கணவர் துணிக் கத்திரியை எடுத்தார். அவள் இறங்கிவர, குழாயில் ஒரு துண்டை வெட்டினார். மறுபடி ஏறினாள். மறுபடி இடித்தது. மறுபடி வெட்டினார். ஹோட்டல் பணியாளர்கள் தட்டுகளைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்கள். முதுகில் வெற்று அட்டைக்குழாயைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். கீழே ஒருவர் அதைச் சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன வேண்டுதலா?" என்று ஒரு பணியாளர் கேட்டார்.

"ஆல்ட்ரேஷன்" என்றார் கணவர்.

கடைசியில் ஒரு முறை அவள் எங்கேயும் இடிக்காமல் மேலே போய்ச் சேர்ந்தாள். குரல் மட்டும் கீழே வந்தது. "இந்த அளவுதாங்க! இனிமே வெட்டாதீங்க!"

அந்தக் குழாயோடுதான் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இளைஞர், கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருந்தார். குழாயைப் பார்த்து, ரிப்பேருக்கு வந்த ஏதோ ஊதுகருவி என்று நினைத்துக் கையை நீட்டினார்.

"இதவிட நீளமா இருக்கக்கூடாது" என்றாள் அவள். "நானே தனியா தூக்கணும். ஆனா கட்டையில கனம் இருக்கணும்."

முதலில் காட்டியது மெல்லியதாக, சுருட்டிய பாய்போல லேசாக இருந்தது. கடைக்காரர் அதிலிருந்து வயலின் ஒலி, மழை ஒலி, குதிரைக் குளம்பொலி எல்லாம் வரவழைத்தார். கணவர் குதிரையை இன்னொரு முறை கேட்டார். அவள் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள்.

"கால்குலேட்டர் மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்தது நல்ல பியானோ. விரல் வைத்ததும் உள்ளே சுத்தியல் ஏறி விழுவது கைக்குத் தெரிந்தது. ஆனால் குழாயைப் பக்கத்தில் வைத்தபோது பியானோ இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம்தானே மேடம்?" என்றார் கடைக்காரர்.

"அந்தக் கொஞ்சந்தான் படியில இடிக்குது."

மூன்றாவதை அவர் உள்ளேயிருந்து எடுத்துவந்தார். அதே சுத்தியல் கட்டைகள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். குழாயும் அதுவும் அண்ணன் தம்பிபோல ஒரே உயரத்துக்கு நின்றன.

"இது யாரும் அவ்வளவா கேக்கறதில்ல மேடம். முழு பியானோவும் இல்ல, கீபோர்டும் இல்ல."

"ரெண்டு பக்கமும் வெட்டிட்டாங்களே" என்றார் கணவர். "கை இல்லாத சட்ட மாதிரி இருக்கு."

"கை இல்லாத சட்டையும் சட்டதானே? நீங்களே எத்தன தச்சிருக்கீங்க?"

கடைக்காரர் ஸ்விட்சைப் போடப் போனார். "வேணாம்" என்றாள். ஒலி இல்லாமலே வாசிக்க ஆரம்பித்தாள். கட்டைகள் இறங்கி ஏறும் சத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் நடப்பதுபோலக் கேட்டது. தான் வாசிக்கிற பாட்டுகளை ஒவ்வொன்றாக விரலில் ஓட்டிப் பார்த்தாள். சில இடங்களில் இடது கைச் சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி மரத்தில் தட்டியது. அந்த இடங்களில் திரும்பப் போய், ஒரு ஸ்தாயி மேலேயிருந்த கட்டையைப் பிடித்து வாசித்துப் பார்த்தாள். ஒரு பாட்டில் மட்டும் முடிவு கொஞ்சம் மெலிந்தது. விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. விரலுக்குக் கீழே இருக்கும் கனத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

பிறகு ஸ்விட்சைப் போடச் சொன்னாள். ஒரே ஒரு சுரத்தை அழுத்தி, அது கரைந்து இல்லாமல் போகும்வரை கையை எடுக்காமல் கேட்டாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் உதட்டில் விரல் வைத்தார்.

"சரி" என்று எழுந்தாள். பியானோவைத் தூக்கினாள். கடையின் பின்பக்கம் சரக்கறைக்குப் போகும் படியில் ஏற ஆரம்பித்தாள்.

"மேடம்! மேடம், அது கோடவுனு! டெலிவரி நாங்களே பண்ணிருவோம்!"

"வாராவாரம் வருவீங்களா?"

மேலே போய்த் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு மிச்சம் இருந்தது. "இதுதான்" என்றாள்.

கணவர் அதற்கு இரண்டு தோள்வார்கள் வைத்துப் பை தைத்தார். இடுப்பில் ஒரு வார். உள்ளே பஞ்சு. அளவெடுக்கும்போது அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கல்யாணத்துக்குக்கூட இப்படி அளவெடுத்துத் தச்சதில்ல நீங்க" என்றாள் அவள்.

அண்ணன் வந்து பார்த்தார். பையை ஒற்றைக் கையால் தூக்கினார்.

"என்ன பாப்பா, இதுல பாதிதான் இருக்கு. மீதிய அப்புறமா அனுப்புவானா?"

"அவ்வளவுதான்ணே."

"இத தூக்க நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் பையை வாங்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேறு சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு முற்பகல். பஸ்ஸில் பியானோ பக்கத்து இருக்கையில் ஜன்னலோரமாகச் சாய்ந்து வந்தது. பாடகி பியானோ வைக்கும் ஸ்டாண்டோடு படியடியில் காத்திருந்தாள். பியானோக்கா இடுப்பு வாரை இறுக்கினாள். இடது கையால் நடுத்தூணைப் பிடித்தாள். பாதிச் சுற்றில் தன்னையறியாமல் தலையைத் தாழ்த்தினாள். எதுவும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்று. கீழே தெரு சிறிதாகிக்கொண்டே போனது. திடீரென்று காற்று முகத்தில் அடித்தது. மேலே வந்திருந்தாள். முதலாளியம்மா கையிலிருந்த பூந்தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

மேசைகள் நிறைந்தன. அவள் தானே ஸ்டாண்டை விரித்தாள். தானே வயர்களைச் செருகினாள். உட்கார்ந்தாள். தானே ஸ்விட்சைப் போட்டாள். பாடகி தலையாட்டினாள். பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது வரியிலேயே எல்லாம் குழம்பியது. சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கூட்ட நேரத்து பஸ்போல நெரிந்தன. காலைப் பெடலிலிருந்து எடுத்தால் ஒலி நிற்க வேண்டும், நிற்கவில்லை. அழுத்தினால் நீள வேண்டும், சட்டென்று அறுந்தது. பாடகி பாடிக்கொண்டே ஒரு கண்ணைத் திருப்பினாள். முன்மேசைக்காரர் ஸ்பூனை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அவளுக்கு விஷயம் புரிந்தது. இந்த மாதிரிப் பியானோக்கள் ஸ்விட்ச் போடும்போது பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். இத்தனை வருடமும் அண்ணன் ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தால் கால் பெடலுக்குப் போய்விடும். இன்று கால் முதலில் போயிருந்தது. ஸ்விட்ச் அப்புறம்தான் விழுந்தது.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் பாட்டு நடுவில் நிற்கும். சாப்பிடுகிற கைகள் நிற்கும். பென் டிரைவ் நிற்காது.

காலைத் தூக்கிக்கொண்டாள். வழக்கமாக அழுத்தி வைத்திருந்து, இசை மாறும் இடத்தில் மட்டும் ஒரு கணம் விடுவாள். இப்போது விட்டு வைத்திருந்து, மாறும் இடத்தில் மட்டும் ஒரு கணம் தட்டினாள். உடம்பு மறுத்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. ஒரு இடம் தப்பியது. இன்னொரு இடம் பிடித்தது. தட்டு, தட்டு. பிறகு கால் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டது. குழம்பிய சுரங்கள் விலகி இடம் விட்டன. சுத்தியல் கட்டைகளின் கனம் விரலில் ஏறியது. பாடகியின் குரல் அதன்மேல் ஏறிப் போனது. முன்மேசைக்காரர் மறுபடி ஸ்பூனை எடுத்தார். இந்த முறை மெதுவாக, தாளத்துக்குச் சாப்பிட்டார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். அந்தச் சத்தத்துக்குள் அவள் காலை நன்றாகத் தூக்கி, ஸ்விட்சை அணைத்துப் போட்டாள்.

"என்னக்கா ஆச்சு?" என்று பாடகி உதடு அசையாமல் கேட்டாள்.

"காலு தலைகீழா நின்னுச்சு. இப்ப எறங்கிருச்சு. நீ பாடு."

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் தயங்கவில்லை. பாட்டுக்குப் பின் பாட்டாக வாசித்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்காமல் காப்பி கேட்டார்கள். காத்திருந்தவர்களுக்கு இடம் கிடைக்காமல் முதலாளியம்மா சுவரோரமாக இன்னும் சில நாற்காலிகள் போட்டார்.

அதில் ஒன்றில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எப்போது ஏறிவந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் எப்போதும் மேடைக்குப் பின்னால், வயர்களுக்குப் பக்கத்தில் நின்றே கேட்டவர். முன்பக்கமிருந்து அவளை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. கடைசிப் பாட்டுக்கு எல்லோரையும்விடச் சத்தமாக அவர் தட்டியதில் பக்கத்து மேசைத் தண்ணீர் டம்ளர் விழுந்தது.

முதலாளியம்மா வந்தார். "அடுத்த வாரமும் இதே நேரந்தானே?"

"அரமணி முன்னாடி ஆரம்பிச்சுக்கலாங்க. அப்பதான் கூட்டம் நல்லாருக்கும்" என்றாள் பியானோக்கா.

"நீங்க சொன்னா சரி."

அவள் பையை மூடினாள். அண்ணன் பழக்கத்தில் எழுந்து கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. தானே இறக்கிக்கொண்டார். அவள் பியானோவை முதுகில் ஏற்றி வாரை இறுக்கியபோது, ஒரு தோள்வார் முறுக்கியிருந்தது. அண்ணன் அதை மட்டும் நேராக்கி விட்டார்.

"அடுத்த வாரம் வண்டி கொண்டாரவா பாப்பா?"

"பஸ் இருக்குண்ணே. நீ சாப்பிட வா. நல்ல மேசையா சொல்லி வைக்கிறேன்."

"உன் அண்ணியையும் கூட்டிட்டு வரவா?"

"கூட்டிட்டு வா. இப்ப முன்னாடி எறங்கு, வழி விடு."

அண்ணன் வெறுங்கையோடு முன்னால் இறங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனார். கீழே தெருவில் யாரோ வழி மறித்து நின்றிருக்க வேண்டும்; அவர் போட்ட குரல் மேலே மேசைகள்வரை கேட்டது.

"கொஞ்சம் ஒதுங்குங்கய்யா! வாசிக்கிறவங்க வர்றாங்க!"