அத்தானின் மடிப்புக் கணினி

அத்தானின் கணினியை மூடும்போது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூடுவது போல. கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் மழை விட்ட மாலைகளில், எதிர் மலையைப் பனிப்புகார் மூடிக்கொண்டு வரும்போது, விறாந்தைக் கதிரையில் இருந்து அதை விரிப்பார். ஒரு பக்கம் சாம்பல் நிறத் திரை, மறுபக்கம் முழு விசைப்பலகை. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். லண்டனில் இருந்த அவருடைய தமையன் அனுப்பியது. பென்டோர்ச் பற்றரி இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடும். வீதி வேலைப் பொறியியலாளரான அத்தானுக்கு அது அலுவலகத்துக்கு என்றுதான் வந்தது. ஆனால் அவர் அதோடு கனவு காணத் தொடங்கிவிட்டார்.

அதில் தமிழ் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கணினிக்குள்ளேயே சிறு நிரல் எழுத வசதி இருந்தது. அதை வைத்து ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கீறத் தொடங்கினார். ‘ஞ’ மட்டும் ஒரு கிழமை எடுத்தது. “கலியாணம் கட்டினது என்னையோ, உந்தப் பெட்டியையோ?” என்று அக்கா கேட்பார். அத்தான் நிமிராமல், “ரெண்டையும்தான்” என்பார். அக்காவீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சண்டை நல்ல பொழுதுபோக்கு. எல்லா எழுத்தும் முடிந்த அன்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் ‘இண்டைக்கு மழை’ என்று இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தார்.

கண்டியில் குண்டு வெடித்த பிறகு, வீட்டுக்கு வரும் வழியில் சோதனைச்சாவடி முளைத்தது. ஒருநாள் அத்தானை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி, திறந்தால் தமிழ். பொலிஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். செய்தி கேட்டு நானும் அக்காவும் ஓடினோம். அந்த நாட்களில் உள்ளே போன சிலர் வெளியே வந்ததே இல்லை. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்ல, களைத்த மனிதர். எங்களைச் சுவரோரத்து மர வாங்கில் இருக்கச் சொன்னார். அடையாள அட்டை, அலுவலகக் கடிதம் எல்லாம் பார்த்தபின், இந்த எழுத்துகளை அழித்துவிட்டால் ஆளும் போகலாம், பெட்டியும் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். வேறு பிரதி கிடையாது. ஊரில் யாரிடமும் அப்படி ஒரு கணினி இல்லை. அத்தான் அக்காவை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் விரலாலேயே அழித்தார். “வாங்கோ, போவம்” என்றார்.

“திரும்பக் கீறலாம்தானே அத்தான்?” என்று பிறகு கேட்டேன். “ஓம் பிள்ளை, கீறலாம்” என்றார். கீறவில்லை. சில வருடங்களில் மூடிக்குள் ஓடும் வயர் அறுந்து திரை இருண்டது. பிலிமத்தலாவையில் ரேடியோ திருத்துபவர் கையை விரித்தார். செய்த கம்பனியும் அதைக் கைவிட்டிருந்தது.

இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். கைப்பேசி என்னும் கண்ணாடிப் பலகையை நாள் முழுக்கத் தடவித் தடவி விரல் மரத்துப்போகும்போது, மடித்து மூடும் அந்தக் கணினி திரும்ப வந்தால் என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். வந்தால் திறந்த மூல மென்பொருளோடு வர வேண்டும். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தன் எழுத்தைச் சேர்க்கலாம். சேர்த்தது உலகம் முழுக்கப் பிரதியாகிவிடும். ஒரு மேசைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி அழிக்கச் சொன்னாலும் அது அழியாது. வேறு ஒன்றுக்காகவும் அல்ல, இதற்காகத்தான் எனக்கு அது வேண்டும்.

போன மாதம், சிலர் கூடி அப்படியே ஒன்றைச் செய்கிறார்கள் என்று வாசித்தேன். சந்தோசம் தாங்காமல் அத்தானுக்கு அழைத்தேன். விசைப்பலகை, மூடி, பற்றரி எல்லாம் துருவித் துருவிக் கேட்டார். குரலில் பழைய அத்தான்.

“உங்களுக்கும் ஒண்டு எடுக்கட்டோ அத்தான்?”

“எடன் பிள்ளை.” கொஞ்சம் நிறுத்தினார். சாவடிகளை எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டார். “தமிழ் இல்லாததாப் பாத்து எடு. பஸ்ஸில கொண்டு திரியிறதெல்லே.”

அதில் தமிழ் முதலிலேயே இருக்கிறது, யாரும் கீறத் தேவையில்லை என்று சொல்லத்தான் அழைத்திருந்தேன்.