எந்த உறுப்புக்கு டாக்டர்?

பொது மருத்துவத்தில் மேற்படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாம் மாடி மொத்தமும் எனக்காக வருத்தப்பட்டது. இதயம் என்றால் புரிகிறது. கண், எலும்பு, குழந்தை எல்லாம் புரிகிறது. பொது என்றால் என்ன? பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் என்றுதான் அந்தச் சொல்லை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா நேராகவே கேட்டார், எந்த உறுப்புக்கு டாக்டர் என்று. எல்லாவற்றுக்கும் என்றேன். அப்படியென்றால் ஒன்றுக்கும் இல்லை என்று அவர் முடிவுகட்டியது முகத்திலேயே தெரிந்தது.

மாநகராட்சிப் பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்த அம்மா, ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் கேட்டார்: "ஜொரத்துக்கு மாத்திர குடுக்க இன்னும் மூணு வருசம் படிக்கணுமாடி?"

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் கூடப் படித்தவர்களைத்தான் சொல்வேன். தரவரிசை வந்த அன்றே அவர்களுக்கு மருத்துவம் மறந்துவிட்டது. எந்தப் பிரிவில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, எந்தப் பிரிவில் நோயாளி சாகமாட்டான், எந்தப் பிரிவில் நோயாளியின் முகத்தையே பார்க்க வேண்டாம் என்று ஆராய்ச்சி. என் தோழி ஒருத்தி, ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற கதிரியக்கப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், இருட்டு அறை, ஏசி, யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான். ஐந்தரை வருடம் மனித உடம்பைப் படித்தவள் கடைசியில் மனிதர்களிடமிருந்து தப்பிக்க இடம் தேடினாள். சிரிப்பாக இருந்தது. ஆனால் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. என் பட்டியலிலும் முதலில் இருந்தது தோல் மருத்துவம்தான்.

அதை மாற்றியது ஒரு நோயாளி.

கலந்தாய்வுக்குக் காத்திருந்த மாதங்களில் திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணி மருத்துவராக இருந்தேன். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர்தான் முதலாளி. பணி மருத்துவர் என்றால் பெரியவர்கள் வருவதற்குள் படிவங்களை நிரப்பி வைக்கிற ஆள், அவ்வளவுதான். ஒரு காலையில், குடல்வால் அறுவைக்குச் சேர்ந்திருந்த ஒருவரின் படிவத்தை நிரப்பப் போனேன். நாற்பது வயதிருக்கும், எண்ணூர்ப் பக்கக் குப்பத்துக்காரர். மாதக்கணக்காக வயிற்றைப் பிசைகிற வலி, மலச்சிக்கல். அவர் மனைவி ஒரு துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். வயிற்று நிபுணர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துப் புண் இல்லை என்று எழுதியிருந்தார். எலும்பு நிபுணர் வலது மணிக்கட்டுக்குப் பட்டை எழுதியிருந்தார். இன்னொருவர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. ஒரே ஆளைக் கூறுபோட்டு ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த குடல்வால் எங்கள் முதலாளிக்கு.

தொழில் என்ற கட்டத்தில் வழக்கமாக நானே 'கூலி' என்று எழுதிவிடுவேன், கேட்கக்கூட மாட்டேன். அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்க டம்ளரை இடது கையால் எடுத்தார். பட்டையைக் கழற்றியிருந்த வலது கை, காம்பு ஒடிந்த கத்திரிக்காய் மாதிரி மணிக்கட்டில் தொங்கியது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

முன்பு கடலுக்குப் போனவராம். மீன் குறைந்த பிறகு மாத்தூர் தாண்டி ஒரு கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார். பெயர்ப்பலகை இல்லாத இடம். இரண்டு வருடமாகிறது.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறும் பல்லும் சேருமிடத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் நீலக் கறுப்பாக ஒரு கோடு. பாடப்புத்தகத்தில் பார்த்துத் தேர்வில் எழுதி, அதோடு மறந்துபோன கோடு.

"இம்மாம் நாளா இன்னா வேலன்னு ஒருத்தரும் கேக்கல டாக்டரம்மா. கேட்டிருந்தா சொல்லிருக்க மாட்டமா?" என்றார் மனைவி. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

முதலாளியிடம் போனேன். ஈய நஞ்சாக இருக்கலாம், அறுவை வேண்டாம், ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் கையுறை மாட்டும் அவசரத்தில் இருந்தார். ஸ்கேனில் லேசான வீக்கம் என்று இருக்கிறதே என்றார். அந்த ஸ்கேனைப் பார்த்தது, யாரும் பேச்சுக் கொடுக்காத இருட்டறையில் உட்கார்ந்த ஒருவர். நான் நகரவில்லை.

"நீங்கல்லாம் பேசிப் பேசியே நோயாளிய முடிச்சிடுவீங்கம்மா. திறந்து பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்" என்றார்.

என் வாதம் அவரை அசைக்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று மறுத்ததால்தான் அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டை நானே ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் நுண்ணோக்கியில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள், பொடித் தூவல் மாதிரி. ஈயத்தின் அடையாளம் அது; முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியதும் அறுவையை நிறுத்தி வைத்தார். ஈய அளவு பார்க்க வெளியே அனுப்பிய ரத்தத்துக்குச் சில நாளில் முடிவு வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

குடல்வால் பிழைத்தது. அடுத்த மாதம் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் முதலாளி இந்த நோயாளியைப் பற்றி உரையாற்றினார். ஈறின் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, நாம்தான் கேட்க வேண்டும், நோயாளியிடம் பேச வேண்டும் என்று உருகினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். நன்றாகவே பேசினார்.

கொட்டகையிலிருந்து மேஸ்திரி ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு சாத்துக்குடிப் பையோடு. ஆள் குடிப்பார், அதனால்தான் கை இப்படித் தொங்குகிறது என்று என்னிடம் சான்றிதழ் கேட்டார். நோயாளியின் மனைவி அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்து, படிக்கட்டு வரைக்கும் வசவாலேயே அவரை வழியனுப்பினார். திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் விற்கிற தொண்டை அது. மாடி முழுக்கக் கேட்டது.

நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில், இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது என்று அவரிடம் அழுத்திச் சொன்னேன். எல்லா மருத்துவர்களும் சொல்லும் வாக்கியம்தான். அவர் மருந்துச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னா வியாதின்னு கண்டுபுட்ச்சிட்ட, சரி. வேற வேலயும் எய்திக் குடேன் அந்தச் சீட்டுல."

மாத்திரையின் பெயரை இன்னொரு முறை படித்துக் காட்டினேன்.

கலந்தாய்வு அன்று கணினி முன்னால் தோல் மருத்துவம் எனக்காகக் காத்திருந்தது. கதிரியக்கத் தோழி தொலைபேசியில் கத்தினாள், விடாதே என்று. நான் பொது மருத்துவத்தை அழுத்தினேன். சேவை மனப்பான்மை என்று பிற்பாடு சிலர் பாராட்டினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. சேவையும் இல்லை, கருணையும் இல்லை. மூன்று நிபுணர்கள் கேட்காத கேள்வி, நானும் தற்செயலாகத்தான் கேட்ட கேள்வி, அதை இனி யாரும் தடுக்காமல் கேட்கிற இடம் எனக்கு வேண்டியிருந்தது. கோபத்தில் எடுத்த முடிவு. மூன்று வருடம் கழித்தும் அது தணியவில்லை.

அந்த நோயாளி மாத்தூருக்குத் திரும்பவில்லை. மனைவி விடவில்லை. இப்போது ராயபுரம் பக்கம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். வயிறு சரியாகிவிட்டது. மணிக்கட்டு முக்கால்வாசிதான் நிமிர்ந்திருக்கிறது, இனி நிமிராது. கொட்டகையைப் பற்றி நான் எழுதிய மனுவுக்கு ஒரு அதிகாரி வந்து பார்த்தார். கொட்டகை இரண்டு தெரு தள்ளி இடம் மாறியது.

போன மாதம் எங்கள் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் வரிசையைத் தாண்டி அவர் என் மேசைக்கு வந்தார். பின்னால் இரண்டு பேர், அதே கொட்டகை ஆட்கள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் எனக்கு ஒன்றுமில்லை, இவன்தான் இழுத்துகினு வந்தான் என்றார்.

"வாயத் தொறந்து காட்டுடா அவங்களுக்கு" என்றார் ஐஸ் உடைப்பவர்.

ஒன்றுமில்லை என்றவரின் ஈறில்தான் கோடு கறுப்பாக இருந்தது. அவரை வார்டில் சேர்க்க எழுதினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவருக்குப் பிற்பகல் ஷிப்ட்டாம், கொட்டகைக்கே போய்விட்டார் என்றார் பக்கத்துக் கட்டில்காரர். மறுநாள், சேர்க்கைச் சீட்டில் இருந்த முகவரியை வைத்து வியாசர்பாடியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.