டீச்சரின் நாலு கட்டை

பாட்டு டீச்சர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. கணவரின் காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார். போனபோது பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். இதை முதலில் எழுதிவைப்பதுதான் நியாயம். அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் இரண்டே மாதத்தில் நின்றிருப்பேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவரிடம் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. காலையில் பாட்டு, எட்டரைக்குக் கம்பெனி. அன்றன்று பாடியதை டைரியில் எழுதுவேன்: என்ன ராகம், எத்தனை முறை, எங்கே பிசகியது, சுருதி எத்தனை கட்டை. கட்டை எண் கூடினால் சுருதி உயரம், குறைந்தால் தாழ்வு. முதல் வருஷம் முழுக்க ஐந்து என்றே இருக்கிறது.

அது டீச்சரின் சுருதி. எல்லோரும் அதில்தான் பாட வேண்டும். மூன்றாம் வருஷம், கச்சேரிகளில் தனக்குப் பின்னால் உட்கார்ந்து கூடப் பாட என்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதே மேல் ஸ்வரங்களில் அவர் குரல் பிசிறடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த இடம் வரும்போது இடது கையை லேசாகப் பின்பக்கம் அசைப்பார். நான் எடுத்துக்கொள்வேன். கேட்பவர்களுக்கு அது அவர் குரல்தான்.

பிறகு சுருதியை இறக்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்ல மாட்டார். சுருதிப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டுத் திருப்புவார். நாலரை. அடுத்த வருஷம் நாலு. மிருதங்கக்காரரிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. சுருதி இறங்கினால் அவர் வேறு மிருதங்கம் கொண்டுவர வேண்டும்.

“டீச்சர், இன்னும் கொஞ்சம் எறக்குனீங்கன்னா நான் தவிலத்தான் தூக்கிட்டு வரணும்” என்றார் ஒருமுறை.

“எதத் தூக்கிட்டு வந்தாலும் நீங்க வாசிக்கிறது ஒண்ணுதானே” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நாலு கட்டையில் என் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகப் போயின.

“கம்பெனி மண்ணு தூசிடி. தொண்டையில சூளையே வெச்சிருக்குற. பாட்டு வேணுமா, அந்த வேலை வேணுமா, நீயே சொல்லு” என்றார் டீச்சர்.

வேலையை விட்டேன். வீட்டில் ஒரு மாதம் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. தூசி போன பிறகும் கீழ் ஸ்வரங்கள் வரவில்லை. அந்த மாதங்களின் டைரியில் திரும்பத் திரும்ப ஒரே வரி இருக்கிறது: ‘கீழ்ப் பஞ்சமம் கேட்கவில்லை. சுருதி நாலு.’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றால்தான் மற்றது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஏழாம் வருஷம் வானொலிக் குரல் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். தேறினால் என் பெயரில் பாடலாம், யாருக்கும் பின்னால் உட்கார வேண்டாம். பாட்டுகளை டீச்சரே தேர்ந்து கொடுத்தார். நாற்பது நாள், காலையும் மாலையும், காய்ச்சல் வந்த அன்றும் என்னோடு உட்கார்ந்தார்.

தேர்வில் நடுவர்கள் வேறு அறையில் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல் மட்டும் வந்தது. பல்லவியிலேயே என்னை நிறுத்தியது.

“இது என்ன சுருதிம்மா?”

“நாலு சார்.”

“பெட்டில வெச்சது தெரியுது. உங்க சுருதி என்ன?”

பெட்டியில் இருந்த எண்ணையே மறுபடி பார்த்தேன்.

“அஞ்சரைக்கு ஏத்திப் பாடுங்க.”

ஏற்றினேன். முதல் வரி வெளியே வந்தபோது, வேறு யாரோ பாடுவதுபோல் திடுக்கிட்டேன். தொண்டையில் எந்தச் சுமையும் இல்லை. முப்பத்தைந்து வயதில் என் குரலை முதன்முறையாகக் கேட்டேன். இரண்டாம் வரி மேலே போக வேண்டும். அங்கே எப்படி ஏறுவது, எங்கே மூச்சு வாங்குவது என்று அந்தக் குரலுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. உடைந்தது.

“போதும்மா” என்றது ஒலிபெருக்கி.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

“அஞ்சரைன்னா சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியும். நீ வந்த மொத வாரமே தெரியும்” என்றார்.

“ஏன் டீச்சர் சொல்லல?”

“சொல்லிட்டு? நீ அஞ்சரைல நிப்ப, நான் நாலுல நிப்பேன். எனக்குப் பின்னாடி யாருடி பாடுறது?”

ஒளிக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. பாட்டு நடக்க வேண்டும், அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது, அவ்வளவுதான் அவருக்கு.

“மாசி மகக் கச்சேரிக்கு ஒம்போது நாளுதான் இருக்குது. உக்காரு.”

யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. உட்கார்ந்தேன். அந்த மாசி மகத்துக்கு மூன்றரை.

அவர் போன பிறகு ஒரு வருஷம் வீட்டில் தனியாக ஐந்தரையில் முயன்றேன். எல்லா நாளும் குறித்திருக்கிறேன். இரண்டாம் வரியைத் தாண்டிய நாள் ஒன்றுகூட இல்லை.

கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், “ஒரு பாட்டு பாடுங்களேன், அப்படியே டீச்சர் குரலு உங்களுக்கு” என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுப் பாடுவேன், நாலு கட்டையில்.