மஞ்சள் கோட்டில் நின்ற மேக்ரோ

சத்யாவின் போன் வந்தால் செங்குட்டுவனின் குரலே மாறிவிடும். "சொல்லுங்க மேடம். மஞ்சள் கோடு வந்துடுச்சா? பதறாதீங்க. எதையும் தொடாதீங்க." சோறு வடித்தபடி அவன் மனைவி வெண்மதி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கையைச் சுட்டுக்கொண்ட அன்றுகூட அவளிடம் அவன் இவ்வளவு தணிவாகப் பேசியதில்லை.

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனி ஆபீசில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, கான்ட்ராக்ட். பட்டனைத் தட்டினால் எல்லாருடைய வருகையையும் ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துத் தரும் மேக்ரோ என்கிற குட்டி புரோகிராமை எழுதியவன் அவன்தான். அதை ஓட்டுகிறவள் சத்யா, பெர்மனென்ட். மேக்ரோ சில நாள் ஒழுங்காக ஓடும், சில நாள் திரையில் மஞ்சள் கோடு காட்டிப் பாதியில் நின்றுவிடும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. நின்றால் போன் வரும். லீவு நாளானாலும் இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவான்.

"அதுக்கு நீங்க மட்டுந்தான் வைத்தியரா?" என்றாள் வெண்மதி.

"உனக்கு இன்னா தெரியும்? விசித்திரமான கோளாறு அது. நான் பக்கத்துல போனாதான் ஓடுது."

"நீங்க பக்கத்துல வரணும்னுதான் நிக்கிது போல."

எட்டாவதோடு படிப்பை விட்டவள் வெண்மதி. வெளி ஆட்களிடம் வாய் திறக்கமாட்டாள். ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்யாவே லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "அண்ணன் இல்லன்னா எங்க ஆபீஸ் அவ்ளோதான்க்கா. நீங்க கொடுத்து வச்சவங்க."

"எங்க வூட்டு மிக்சி நின்னு ஒரு மாசம் ஆவுதுங்க" என்றாள் வெண்மதி, டீயை நீட்டியபடி.

சத்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததும் வெண்மதிக்கு எரிந்தது.

பட்டனைத் தட்டியதும் மேக்ரோ நின்றது. எழுத்துக் குவியலின் நடுவே ஒற்றை வார்த்தை மஞ்சளாக மின்னியது. "பாருங்கக்கா, நின்னுபோச்சுன்னு அதுவே சொல்லுது!"

வெண்மதி எட்டிப் பார்த்தாள். ஸ்டாப். மைன்ஸ் ரோட்டில் லாரிகள் குறுக்கே போகிற இடத்தில் சிவப்புப் பலகையில் இருக்கும் அதே எழுத்து. அந்தப் பலகை தானாக முளைத்ததில்லை. யாரோ கொண்டுவந்து நட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சத்யாவையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தான், முகம் வெளிறிப்போய்.

சத்யா போன பிறகு கேட்டாள். "நடுவுல அந்த ஸ்டாப்ப எழுதி வச்சது நீங்கதானே?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "சில நாளைக்கு மட்டும் நிக்கிற மாதிரி வச்சேன். நிக்காம ஓடுச்சின்னா அப்புறம் நான் எதுக்கு அங்க? அடுத்த கான்ட்ராக்ட்ல என் பேரு இருக்குமா?"

"அந்த வார்த்தைய அழிச்சிட்டா?"

"அப்புறம் நிக்கவே நிக்காது."

"அவளுக்காக இல்லியே?"

"அட போடி. சோத்துக்காக."

நம்பினாள். நம்பிய பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் குளிக்கும்போது போன் அடித்தது. வெண்மதி எடுத்தாள், சத்யாதான். "அக்கா, மறுபடியும் மஞ்சள் கோடு!" அந்த ஒரு வார்த்தையை அழித்துவிடுங்கள் என்று சொன்னால் போதும், இனி இந்தக் குரல் இந்த வீட்டுக்குள் வராது. சோறும் வராது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அவரு குளிச்சிக்கினு இருக்காருங்க. பதறாதீங்க. எதையும் தொடாதீங்க. அனுப்பி வைக்கிறேன்."

துவட்டிக்கொண்டே வந்தவன் நீலச் சட்டையைத் தேடினான். வெண்மதி அதை ஊறவைத்திருந்த துணிகளோடு அமுக்கிவிட்டு, காலர் பிய்ந்த பழைய சட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கினு போங்க. மிஷினுக்கு இது போதும்."