கை நனைக்க வந்த நாளும் நான் கெடுத்த வஞ்சிரமும்

காலையில் பிரிட்ஜைத் திறந்தேன். பேசினில் இருந்த தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்துக் கிடந்தது. ஒரு மீன் துண்டை எடுத்து அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது...

அது என் மீன் இல்லை.

வேதாரண்யத்தில் எனக்கு முதல் டீச்சர் வேலை. கஸ்தூரி அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்கு மீன் வியாபாரம். அவர் கூடையை இறக்கினால் யாரும் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். கஸ்தூரி கொண்டுவந்தால் நல்ல மீன்தான். ஊரில் அப்படி ஒரு பேர் அவருக்கு.

அன்று அக்காவின் மகள் ராணியைப் பெண் கேட்டவர்கள் கை நனைக்க வருவதாக இருந்தது. பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி. இடையில் எழுந்துவிட்டால்... அவ்வளவுதான். அவர்களும் மீன் வியாபாரக் குடும்பம். கண்ணைக் கட்டிவிட்டாலும் மீனின் வயதைச் சொல்லிவிடுவார்கள்.

காற்று பலமாக இருந்ததால் அன்றைக்குப் படகு இறங்காது என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. ஐஸ் வண்டியும் வரவில்லை. தெருவிலேயே பிரிட்ஜ் என்னிடம்தான் இருந்தது. அக்கா வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, பையில் கட்டி, சாயங்காலம் மேலே கொண்டுவந்தார்.

"டீச்சர், இத அப்படியே ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிடுங்க. காலைல வந்து வாங்கிக்கிறேன்."

வைக்கப் போனேன், உள்ளே நுழையவில்லை. பனி கட்டி, பிரிட்ஜின் உச்சியில் இருந்த அந்தச் சின்ன ஐஸ் அறை பாதிக்கு மேல் அடைந்து கிடந்தது. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான்தான் படித்தவள் ஆயிற்றே...

எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம். எங்களுக்கு மீன் என்றால் குளத்து விரால். உயிரோடு வாங்கி, தண்ணீர் ஊற்றிய அண்டாவில் விட்டு, எகிறிக் குதிக்காமல் தட்டு போட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் வைப்போம். வேண்டும்போது பிடித்து அறுப்போம். தண்ணீரில் இருந்தால் மீன் கெடாது... எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி. அதனால் பையைப் பிரித்து, துண்டுகளைப் பேசினில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கீழ்த்தட்டில் வைத்தேன். படுக்கும் முன் தண்ணீரை வேறு மாற்றினேன். அவ்வளவு அக்கறை.

காலையில் அக்கா வந்து பார்த்தார். ஒரு துண்டை முகர்ந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல தண்ணில கெடந்தா கடல் மீனு சவசவன்னு ஆயிடும் டீச்சர். கெட்டுப் போவல, குழம்புக்கு ஆவும். வாங்க, வந்து வெங்காயம் உரிச்சுக் குடுங்க."

ஆசையாகச் செய்ய நினைத்த வறுவல் கல்லில் போட்டதும் உதிர்ந்துபோனது. குழம்பு மட்டும்தான்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"மீன தண்ணில ஊற வச்சீங்களா?"

ராணி அடுக்களைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் கையில் ரச வாளி. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை... வாயே வரவில்லை.

"ஆமாங்க," என்றார் அக்கா. "பொண்ணு கல்யாண நெனப்புல புத்தி கெட்டுப்போயி நான்தான் போட்டுட்டேன்."

அந்த அம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போது தஞ்சாவூரில் என் வீட்டு ப்ரீஸரில் மீன் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கிறது. போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறது. முந்தின நாளே எடுத்துப் பாக்கெட்டோடு கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் இளக விடுகிறேன், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். எல்லாம் கற்றுக்கொண்டேன். கஸ்தூரி அக்காதான் இல்லை.

போன வாரம் ராணி போனில் பேசினாள். இத்தனை வருஷம் கழித்து, அன்று மீனைக் கெடுத்தது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர். எங்க மாமியார் கடைசிவரைக்கும் என்னைய 'மீன் வைக்கத் தெரியாதவ மக'ன்னுதான் கூப்பிட்டாங்க. அம்மா காதுபடவே சொல்லுவாங்க. அம்மாவும் சிரிச்சிட்டுப் போயிடும்."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஊருக்கே நல்ல மீன் கொடுத்தவர்... அந்தப் பேரோடு இருந்திருக்கிறார்.

ராணி கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருஷம் அந்த மாடியில் இருந்தேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாரம் தவறாமல் மீன் குழம்பு மேலே வந்துகொண்டுதான் இருந்தது.